யானைக் கூட்டத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறு எது?

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் தேதி. தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்கு அருகில் காளிக்கவுண்டன்கொட்டாய் என்ற சிற்றூர். பொழுது விடிந்தபோது அங்கே ஒரு விளைநிலத்தில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. பயிரைக் காப்பதற்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சி வைத்திருந்த கம்பியில் சிக்கி, மூன்றும் ஒரே இரவில் மாண்டுவிட்டன.

அவற்றுடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் உயிர் தப்பின. ஒரு வயதுகூட நிரம்பாத குட்டிகள். தப்பிய குட்டிகள் என்ன செய்தன? காட்டைப் பார்த்து ஓடவில்லை. தாய் விழுந்து கிடந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன.

செய்தியைப் படித்தவர்கள், "ஐயோ, பாவம்!" என்று உச்சுக்கொட்டினார்கள். அதோடு சிலர் ஒரு கேள்வியும் கேட்டிருப்பார்கள். பயந்த மிருகம் ஓடத்தானே வேண்டும்? ஆபத்து நடந்த இடத்தை விட்டு விலகுவதுதானே உயிரின் சுபாவம்? அந்தக் குட்டிகளின் கால்களைக் கட்டிப் போட்டது எது?

பாசம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது தவறும் அல்ல. ஆனால் அந்தப் பாசம் உடம்பில் எங்கே குடியிருக்கிறது? ரத்தத்திலா, மூளையிலா, மூக்கிலா, காதிலா? விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியைப் பல காலமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைப் பார்த்தால், "எல்லாவற்றிலும்தான்" என்று சொல்லத் தோன்றுகிறது. கூட்டத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறு ஒற்றைப் புரியால் ஆனதல்ல. பல புரிகளை முறுக்கித் திரித்த கயிறு அது.

வைக்கோல் கன்று

முதல் புரியை நம் மாட்டுத் தொழுவத்திலேயே காணலாம். கன்று செத்துப்போனால் சில பசுக்கள் பாலை அடக்கிக்கொள்ளும். மடி நிறைந்திருக்கும், காம்பில் சொட்டுக்கூட வராது. அந்தக் காலத்தில் கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை முகர்ந்து பார்க்கும், நக்கிக் கொடுக்கும். பால் இறங்கிவிடும்!

பசுவின் மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ரசாயனப் பொருள் ரத்தத்தில் கலப்பதுதான் இதன் ரகசியம். பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்க வைப்பது அதே பொருள்தான். சுரப்பிச் சாற்றுக்கு இந்தக் குணம் உண்டு என்று ஆங்கில விஞ்ஞானி ஹென்றி டேல் 1906-ஆம் ஆண்டில் கண்டார். அமெரிக்காவின் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்தும் காட்டினார். ஒன்பதே ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை அது. 1955-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பால் சுரக்க வைக்கும் மருந்து என்ற அளவோடு கதை நின்றுவிடவில்லை. ஈன்ற செம்மறியாடு இரண்டொரு மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையை மனத்தில் பதித்துக்கொள்கிறது. பிறகு வேறு குட்டி மடியை நாடி வந்தால் முட்டித் தள்ளிவிடும். 1987-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கீத் கெண்ட்ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பரிசோதனை செய்தார்கள். குட்டி ஈனாத பெண் ஆட்டின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தினார்கள். அந்த ஆடு அந்நியக் குட்டியைத் தாய்போல் ஏற்றுக்கொண்டது!

ரத்தத்தில் கலந்தால் பால். மூளையில் கலந்தால் பாசம்.

மீனுக்கும் உண்டு

ஆடு மாடுகளுக்கு மட்டும் கிடைத்த வரம் அல்ல இது. முதுகெலும்புள்ள பிராணிகள் எல்லாவற்றுக்கும் இதே பொருளோ, இதன் உடன்பிறப்போ உண்டு. பெரும்பாலான மீன்களில் அதன் பெயர் ஐசோடோசின், பறவைகளில் மீசோடோசின். ஓரிரு அமினோ அமிலங்கள்தான் மாறியிருக்கும். ஏரியில் திரளும் மீனும், மாலையில் மரத்தில் அடையும் பறவையும், காட்டில் நடக்கும் யானையும் ஒரே பழைய சரக்கை வைத்துத்தான் தத்தம் கூட்டத்தை நடத்துகின்றன.

2012-ஆம் ஆண்டில் லாரன் ஓகானெல், ஹான்ஸ் ஹாஃப்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி ஆகிய வகைகளில் 88 இனங்களின் மூளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நட்பு, பகை, காதல், தாய்மை ஆகியவற்றோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளும், அங்கே வேலை செய்யும் ரசாயனப் பொருள்களும் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு போட்ட அஸ்திவாரம் இன்னும் அப்படியே இருக்கிறது. மேலே கட்டிய வீடுகள்தான் வேறு வேறு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆக்சிடோசின் ஒன்றுதான் எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கப் புல்வெளிகளில் 'வோல்' என்ற ஒருவகை எலி உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாமல் குடித்தனம் நடத்தும். அதற்கு ஆக்சிடோசினே காரணம் என்று நெடுநாள் நம்பினார்கள். 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அந்தப் பொருளை ஏற்கும் வாயிலே இல்லாத எலிகளை மரபணு மாற்றத்தால் உண்டாக்கிப் பார்த்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்து வாழ்ந்தன! உறவு என்பது இயற்கைக்கு அவ்வளவு முக்கியம் போலும். ஒரு புரி அறுந்தாலும் மற்றப் புரிகள் தாங்கிக்கொள்கின்றன.

துதிக்கை படிக்கும் கடிதம்

மற்றப் புரிகள் எவை? யானையிடமே போய்ப் பார்ப்போம்.

யானைக் கூட்டம் என்பது பெண் வழிக் குடும்பம். பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கை, குட்டிகள் என்று பெரும்பாலும் ரத்த உறவுகள். நம் வீட்டு வழக்கத்துக்கு நேர்மாறு அங்கே. பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள்; பிள்ளைதான் வளர்ந்ததும் வீட்டை விட்டுப் போவான்.

இந்தக் குடும்பத்துக்கு முதல் தபால் வாசனை. ஒரு யானை தரையில் எதையோ துதிக்கை நுனியால் தொட்டு, வாய்க்குள் மேலண்ணத்தில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தின்பதற்காக அல்ல. மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. மூத்திரத்திலும் வேறு கசிவுகளிலும் கலந்துள்ள ரசாயனச் சேதிகளை அது படிக்கும்.

பெண் ஆசிய யானை சேர்க்கைக்குத் தயாரானதும் அதன் மூத்திரத்தில் தோன்றும் ஒரு பொருளை 1996-ஆம் ஆண்டில் பெட்ஸ் ராஸ்முசென் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். விசித்திரம் என்னவென்றால், பல விட்டில் பூச்சிகளின் பெண்கள் ஆணை அழைக்கப் பயன்படுத்துவதும் அதே பொருள்தான்! மதம் பிடித்த ஆணின் கன்னத்தில் ஒழுகும் மதநீரும் ஒரு கடிதமே. இளம் ஆணின் மதநீருக்கும் முதிர்ந்த ஆணின் மதநீருக்கும் வாசனையில் வேற்றுமை உண்டு. வருகிறவன் விடலையா, பெரிய ஆளா என்பது மற்ற யானைகளுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும்.

காதுக்குக் கேட்காத பேச்சு

இரண்டாவது தபால் ஒலி. 1984-ஆம் ஆண்டில் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்லண்டு நகர மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகில் நின்றுகொண்டிருந்தார். காதில் எதுவும் விழவில்லை. ஆனால் காற்று லேசாக அதிர்வதுபோல் உடம்பில் ஓர் உணர்ச்சி. சிறு வயதில் மாதா கோவில் ஆர்கன் வாத்தியத்தின் பெரிய குழாய் அருகே நின்றபோது உண்டான அதிர்ச்சி அவருக்கு நினைவு வந்தது. கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. மனிதர் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் யானைகள் பேசிக்கொண்டிருந்தன!

நொடிக்கு சுமார் 20 அதிர்வுக்குக் கீழே போனால் நமக்குக் கேட்காது. யானைக்குக் கேட்கும். தாழ்ந்த ஒலி மரங்களில் பட்டு எளிதில் சிதறாமல் வெகு தூரம் செல்லும். ஆப்பிரிக்காவில் செய்த சோதனைகளில் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் யானைகள் இவ்வொலிக்குப் பதில் கொடுத்தன. ஆகையால், நம் கண்ணுக்கு ஒற்றை யானை தனியாக நிற்பதாகத் தோன்றினாலும் அது தனியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நம் பக்கத்து ஆசிய யானைகளுக்கு இது மிகவும் பொருந்தும். ஆப்பிரிக்க யானைகளைப்போல் இவை எப்போதும் ஒரே கும்பலாகத் திரிவதில்லை. இலங்கையில் உடவளவை தேசியப் பூங்காவில் ஷெர்மின் டி சில்வா நடத்திய ஆராய்ச்சியில், பெண் யானைகள் இரண்டும் மூன்றுமாகப் பிரிவதும் கூடுவதுமாக இருப்பது தெரிந்தது. இன்று பார்த்த கூட்டாளி நாளை இருக்காது. ஆனால் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பல யானைகள் அதே பழைய தோழிகளிடமே திரும்பி வருகின்றன. பிரிந்தவர் கூடுவதற்கு மூக்கும் காதும் வழிகாட்டுகின்றன.

துயரப்பட்ட தோழியைத் தேற்றவும் அவற்றுக்குத் தெரியும். வட தாய்லாந்தில் 26 யானைகளைக் கவனித்து ஜோஷுவா பிளாட்னிக், பிரான்ஸ் டி வால் இருவரும் 2014-இல் எழுதினார்கள். ஒரு யானை மிரண்டால் அருகிலிருப்பது வந்து துதிக்கையால் தடவும். துதிக்கை நுனியை மிரண்டதன் வாயில் வைக்கும். மெல்லிய குரல் கொடுக்கும்.

பாட்டியின் ஞாபகம்

மூன்றாவது புரி ஞாபகம். தான்சானியா நாட்டின் தரங்கிரே பூங்காவில் 1993-ஆம் ஆண்டு கொடிய வறட்சி வந்தது. அங்கிருந்த மூன்று யானைக் குலங்களில் இரண்டு, பூங்காவை விட்டே வெளியேறின. ஒன்று மட்டும் தங்கிவிட்டது. வெளியேறிய குலங்களைவிடத் தங்கிய குலத்தில்தான் குட்டிகள் அதிகமாகச் செத்தன. ஏன் தங்கியது? அந்தக் குலத்தின் மூத்த பெண்களைத் தந்தத்துக்காக வேட்டைக்காரர்கள் முன்பே கொன்றிருந்தார்கள். 1958 முதல் 1961 வரை நீடித்த பழைய வறட்சியைக் கண்ட கிழவிகள் அதில் இல்லை. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

ஆசிய யானைக் கூட்டத்தில் பாட்டியின் அதிகாரம் ஆப்பிரிக்காவில் உள்ள அளவுக்குக் கிடையாது என்கிறார்கள். அது அதிகாரத்தைப் பற்றிய பேச்சு. குட்டி எதைத் தின்னலாம், எங்கே இறங்கலாம் என்று பெரியவர்களைப் பார்த்துப் படிப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்

ஆண் யானை 10 முதல் 15 வயதுக்குள் கூட்டத்தை விட்டுப் போகிறது. அப்புறம் அது தனி ராஜாவா? அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். தென் ஆப்பிரிக்காவின் பிலானெஸ்பர்க் பூங்கா அந்த நினைப்பைத் திருத்திவிட்டது.

வேறோரு பூங்காவில் யானைத் தொகை பெருகிவிட்டதென்று பெரியவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். அநாதையான குட்டிகளைப் பிலானெஸ்பர்க்கில் கொண்டு வந்து விட்டார்கள். அவை பெரியவர் இல்லாமலே வளர்ந்தன. 1992-க்கும் 1997-க்கும் இடையில் அந்த இளம் ஆண்கள் 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றுவிட்டன! அவற்றுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது. பிடித்த மதம் நெடுநாள் நீடித்தது. 1998-இல் ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். விடலைகளின் மதம் சீக்கிரமே அடங்கியது. காண்டாமிருகங்கள் சாவதும் நின்றது.

மதம் என்பது ஆண் சுரப்புகள் கொந்தளிக்கும் நிலை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதே சிறியவர் ரத்தத்தில் அந்தக் கொந்தளிப்பைத் தணிக்கிறது என்றால், சமூகம் உடம்புக்கு வெளியே மட்டும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அதே பூங்காவின் பெண் யானைகளிடம் பிற்பாடு வேறொரு சோதனை செய்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பழக்கமான குரல், அந்நியக் குரல், மூத்தவளின் குரல், இளையவளின் குரல் எனப் பலவற்றை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தார்கள். குலையாத குடும்பத்து யானைகள் யாருடைய குரல் என்று பார்த்து அதற்கேற்ப நடந்தன. அநாதைகளாய் வந்தவற்றுக்கு அந்த வேற்றுமை பிடிபடவில்லை. குடும்பம் குலைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்த நிலை!

நம் தென்னிந்தியாவிலும் ஆண்கள் கூடி வாழப் பழகுகின்றன. நிஷாந்த் சீனிவாசையா குழுவினர் 248 ஆண் யானைகளைப் புகைப்படங்களால் அடையாளம் கண்டு 2019-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். காட்டுக்குள் தனித்துத் திரியும் ஆண்கள், கழனிகள் நிறைந்த ஆபத்தான பகுதிகளில் நிலையான கூட்டமாகச் சேர்கின்றன என்று கண்டார்கள். அவற்றில் இளவட்டங்களே அதிகம். ஆபத்து மிகுந்த இடத்தில் துணை தேவை. அது மனிதருக்கு மட்டும் தெரிந்த பாடமா என்ன?

இரண்டு குட்டிகளும் ஒரு குட்டியும்

இப்போது மாரண்டஹள்ளிக்குத் திரும்புவோம். அந்தக் குட்டிகள் ஏன் ஓடவில்லை என்பது இனி விளங்கும். காடு என்பது அவற்றுக்கு மரமும் புதரும் அல்ல. அந்த வாசனையும், அந்தக் குரலும், அந்தக் கால்களும்தான் காடு. அவை இருந்த இடத்தில்தான் குட்டிகளும் நின்றன.

யானைக் குட்டிக்குப் பெரியவர்கள் பால் மட்டும் தருவதில்லை. செரிக்கும் சக்தியையே தருகிறார்கள். குட்டி பெரிய யானையின் சாணத்தைத் தின்னும். அருவருக்க வேண்டாம்! தழையையும் பட்டையையும் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் அதன் குடலுக்குள் குடியேறுகின்றன.

அதே 2023 மார்ச்சில், பென்னாகரம் வட்டாரத்தில் சில மாதக் குட்டி ஒன்று கிணற்றில் விழுந்தது. தூக்கிக் காப்பாற்றினார்கள். கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. முதுமலை தெப்பக்காடு முகாமில், ஆஸ்கர் பரிசு பெற்ற படத்தால் உலகம் அறிந்த பொம்மன், பெள்ளி தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். அநாதைக் குட்டிகளை வளர்த்துக் காட்டிய கைகள் அவை. ஆயினும் கொடுத்த மாற்றுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்குக் கண்டு மாத இறுதியில் இறந்துவிட்டது. அன்புக்கும் குறைவில்லை, வைத்தியத்துக்கும் குறைவில்லை. ஒரு கூட்டம் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்வது அவ்வளவு கடினம்.

ஆனால் நம்பிக்கைக்கும் இடம் உண்டு. கென்யாவின் சம்புரு பகுதியில் தாயை இழந்த இளம் யானைகளின் சாணத்தைச் சோதித்து, மன உளைச்சலின்போது சுரக்கும் பொருளை அளந்தார்கள். 2022-இல் முடிவு வெளிவந்தது. தாய் இறந்து ஆண்டுகள் சில ஆனபின், கூட்டத்தில் தங்கிய அநாதைகளுக்கும் தாயுள்ளவற்றுக்கும் அந்த அளவில் பெரிய வேற்றுமை இல்லை. அதிலும் சம வயதுத் தோழர்கள் அதிகம் உள்ளவற்றுக்கு உளைச்சல் குறைவு. தாய் போனாலும் கூட்டம் இருந்தால் குட்டி தேறும்.

கம்பியும் கேழ்வரகும்

கேழ்வரகுக் கதிர் முற்றும் காலத்தில் யானைக்குக் காடு கொள்ளாது. பரண்மேல் தூங்காமல் கிடந்து, தகரம் தட்டி, தீப்பந்தம் பிடித்துக் காத்தவனுக்குத்தான் ஒரு இரவில் விளைச்சல் போகும் வேதனை தெரியும். யானையின் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது விவசாயியின் குடும்பத்தை மறந்துவிட்டால் அது நியாயம் ஆகாது. அவன் வீட்டிலும் குட்டிகள் இருக்கின்றன.

ஆனால் கம்பத்திலிருந்து நேராக இழுத்த மின்சாரம் பயிர்க் காவல் அல்ல, தூக்குக்கயிறு. யானைக்கு மட்டுமல்ல, இருட்டில் அந்த வழியே வரும் மனிதனுக்கும்தான். முறைப்படி அமைத்த சூரிய மின்வேலி நொடிக்கொரு முறை சுருக்கென்று அதிர்ச்சி தரும், கொல்லாது. மின்வேலிகளைப் பதிவு செய்யவும் கட்டுப்படுத்தவும் தமிழக அரசு 2023-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. இனி வேண்டியது பயிர்ச் சேதத்துக்கு உரிய ஈடு காலத்தில் கைக்கு வருவதும், நல்ல வேலி ஏழைக் குடியானவனுக்கும் கட்டுப்படியாவதும்தான்.

ஒரு பெண் யானை கருவைச் சுமப்பது 20 மாதத்துக்கு மேல். அடுத்த குட்டிக்கு நாலைந்து ஆண்டுகள் ஆகும். போன உயிரின் கணக்கை அப்படியாவது ஒரு நாள் நேர் செய்துகொள்ளலாம். அதோடு போன வழியறிவையும், குரலையும், விடலையை அடக்கும் பார்வையையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்று இரவு அந்தக் கம்பியில் பட்டவை மூன்று யானைகள். அறுந்தது ஒரு குடும்பத்தின் கயிறு.